பேட்டரிக்குள்ளே ஒரு ரேடியோ ஸ்டேஷன்!

 

போன வாரம் ஒரு காலேஜ் விழாவில் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. பேசி முடிச்சு, பொன்னாடை, நினைவுப் பரிசு (இந்தத் தடவையும் சுவர்க் கடிகாரம்தான். வீட்டுல இது ஆறாவது!) எல்லாம் வாங்கிக்கிட்டு வெளியே வந்தா, கேன்டீன் வாசல்ல ஒரு தம்பி மடக்கினான். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, கடைசி வருஷம்.

'சார், எங்க கைடு எனக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருக்காரு. ரெண்டு ஆக்ஸைடு பவுடரைக் கலந்து அரைக்கணும். ஃபர்னஸ்ல போட்டு ராத்திரி முழுக்கச் சூடு பண்ணணும். வெளியே எடுத்து மறுபடி அரைக்கணும். மறுபடி சூடு பண்ணணும். ஆறு மாசமா இதான் சார் பொழப்பு. ஊருக்குப் போனா எங்க மாமா, 'என்னடா ஆராய்ச்சி பண்ற?'ன்னு கேட்குறாரு. சொன்னா, 'சரி, இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?'ங்கிறாரு. எனக்கே தெரியலை சார். நான் என்னன்னு சொல்ல?'

சத்தியமா எனக்கும் பதில் தெரியலை. 'நல்லா பண்ணுப்பா'ன்னு தோளைத் தட்டிட்டு பஸ் ஏறிட்டேன். ஊர் வர்ற வரைக்கும் மனசு கேட்கலை. வழியில செல்போன் வேற சார்ஜ் இறங்கி செத்துப் போச்சு. கையில அந்த டப்பாவை வெச்சுக்கிட்டு முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தப்பதான் ஒரு பேர் ஞாபகத்துக்கு வந்துச்சு.

கிளேர் கிரே.

யாருன்னு யோசிக்கிறீங்களா? பேட்டரி ஆராய்ச்சிப் பக்கம் போய் இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க, எழுந்து நிப்பாங்க. 1965-ல இங்கிலாந்துல மிடில்ஸ்பரோன்னு ஒரு ஊர்ல பிறந்தவங்க. ஆக்ஸ்ஃபோர்டுல கெமிஸ்ட்ரி படிச்சு 1987-ல டிகிரி முடிச்சாங்க. அப்படியே அங்கேயே டாக்டரேட். ஆண்டனி சீத்தம், கிறிஸ்டோபர் டாப்சன்னு ரெண்டு பேர் கைடு. டாபிக் என்ன தெரியுமா? அரிய மண் உலோகங்களையும் வெள்ளீயத்தையும் ஆக்ஸிஜனோட சேர்த்துச் செஞ்ச பவுடர்கள். அந்தப் பவுடர்ல அணுக்கள் எந்த வரிசையில உட்கார்ந்திருக்குன்னு கண்டுபிடிக்கணும்.

நம்ம தம்பியோட மாமா அங்கேயும் இருந்திருந்தா, அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்!

சரி, அணு உட்கார்ந்திருக்கிற இடத்தை எப்படிப் பார்க்கிறது? மைக்ராஸ்கோப்பா? ம்ஹூம். அங்கேதான் நம்ம ஹீரோ வர்றார். என்.எம்.ஆர்.! பாடப் புத்தகத்துல 'அணுக்கரு காந்த ஒத்ததிர்வு'ன்னு போட்டிருப்பாங்க. அந்தப் பேரைப் பார்த்தே அந்தப் பக்கத்தைப் புரட்டினவங்க எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். நானும்தான்.

விஷயம் ரொம்ப சிம்பிள். சின்ன வயசுல பம்பரம் விட்டிருக்கீங்க இல்லையா? சுத்துற பம்பரம் கொஞ்சம் சாய்ஞ்சா என்ன பண்ணும்? டக்குனு விழாது. தலையைச் சாய்ச்சபடியே ஒரு வட்டம் போட்டுத் தள்ளாடும். சில அணுக்களோட கருவும் அப்படித்தான், சுத்துற குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள்ள கொண்டு போய் வெச்சா, அதுவும் பம்பரம் மாதிரி தலையாட்ட ஆரம்பிக்கும். ஒரு நொடிக்கு எத்தனை தடவை? கோடிக்கணக்குல. அதாவது எஃப்.எம். ரேடியோ அலைவரிசை ரேஞ்சுல! அதே அலைவரிசையில நாம ஒரு ரேடியோ அலையைத் தட்டிவிட்டா, அது வாங்கிக்கிட்டுத் திருப்பி ஒரு சிக்னல் கொடுக்கும். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு ஸ்டேஷன். லித்தியத்துக்கு ஒண்ணு, வெள்ளீயத்துக்கு ஒண்ணு, ஹைட்ரஜனுக்கு ஒண்ணு.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா, அந்த ஸ்டேஷன் நம்பர் அப்படியே நிலையா இருக்காது. பக்கத்துல யார் உட்கார்ந்திருக்காங்கங்கிறதைப் பொறுத்துத் துளியூண்டு நகரும். அந்தத் துளியூண்டு நகர்வை அளந்தா, அணுவோட அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க யாருன்னு சொல்லிடலாம். ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல்னு ரெண்டு பேர் தனித்தனியா வேலை செஞ்சு 1946-ல இந்த சிக்னலைப் பிடிச்ச சேதியை வெளியிட்டாங்க. 1952-ல ரெண்டு பேருக்கும் சேர்த்து நோபல்.

திரவமா இருந்தா பிரச்னையில்ல. மூலக்கூறுகள் உருண்டு புரண்டுக்கிட்டே இருக்கும், சிக்னல் ஊசி மாதிரி கூர்மையா வரும். பவுடர் அப்படி இல்லை. ஒவ்வொரு துணுக்கும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கிட்டு அசையாம கிடக்கும். சிக்னல் மேடு மாதிரி அகலமாகிக் குழம்பிடும். இதுக்கு 1950-களோட கடைசியில ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சாங்க. பவுடரை மாத்திரை கேப்ஸ்யூல் மாதிரி ஒரு சின்னக் குழாயில அடைச்சு, காந்தப் புலத்துக்குச் சரியா 54.74 டிகிரி சாய்ச்சு, காத்தை அடிச்சு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சுத்த விடுறது! கணக்குல சில சமாசாரங்கள் அந்த ஒரு கோணத்துல மட்டும் பூஜ்யமாயிடும். அதுக்குப் பேரே 'மேஜிக் ஆங்கிள்'தான். பேர் வெச்ச புண்ணியவானுக்கு ஒரு சல்யூட்.

இப்ப கிளேர் கிரேயோட பவுடருக்கு வருவோம். அதுல ஒரு வில்லங்கம். அரிய மண் உலோகங்கள்ல ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் இருக்கும். எலெக்ட்ரானும் ஒரு காந்தம்தான். ஆனா சும்மா காந்தமில்லை. ஹைட்ரஜன் கருவைவிட 650 மடங்குக்கும் மேல பலமான காந்தம்!

ஆடி மாசம் தெருமுனை அம்மன் கோயில்ல கூழ் ஊத்துற அன்னிக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பாங்களே... அதுக்கு நேர் கீழ நின்னுக்கிட்டு செல்போன்ல பேசிப் பாருங்க. எதிர்முனையில பேசுறது ஒரு எழுத்தாவது காதுல விழுமா? அதேதான் நிலைமை. ஜோடி சேராத எலெக்ட்ரான் பக்கத்துல இருந்தா என்.எம்.ஆர். சிக்னல் எங்கேயோ தூரமா ஓடிப் போயிடும், அகலமாயிடும், சில சமயம் காணாமலே போயிடும். அதனால என்.எம்.ஆர். செய்யறவங்கள்ல நிறைய பேர் இந்த மாதிரி பொருள் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டாங்க.

ஆனா ஆக்ஸ்ஃபோர்டு குழு யோசிச்சது வேற மாதிரி. ஸ்பீக்கர் சத்தம் தொந்தரவு, வாஸ்தவம்தான். ஆனா சத்தம் எவ்வளவு கேட்குதுன்னு வெச்சே, நாம தெருமுனையிலிருந்து எவ்வளவு தூரத்துல இருக்கோம், எத்தனை ஸ்பீக்கர் கட்டியிருக்காங்கன்னு கணக்குப் போட்டுடலாம் இல்லையா? அந்தப் பவுடர்ல ஒவ்வொரு வெள்ளீய அணுவைச் சுத்தியும் ஆறு உலோக அணுக்கள் இருக்கும். ஆறும் சத்தம் போடாத யிட்ரியமா இருந்தா சிக்னல் ஒரு இடத்துல வரும். அதுல ஒண்ணை எடுத்துட்டு சத்தம் போடுற அரிய மண் அணுவை வெச்சா, சிக்னல் ஒரு படி நகரும். ரெண்டை மாத்தினா ரெண்டு படி. ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்து 'இந்த வெள்ளீயத்துக்குப் பக்கத்துல ஸ்பீக்கர் மூணு'ன்னு எண்ணிடலாம். 1989-ல இதைப் பத்திக் கட்டுரை வந்துச்சு. 1991-ல டாக்டர் பட்டம்.

அந்த 1991 இருக்கே, அது ஒரு விசேஷமான வருஷம். அதே வருஷம்தான் ஜப்பான்ல சோனி கம்பெனி உலகத்துலேயே முதல் முறையா லித்தியம் அயான் பேட்டரியைக் கடைக்குக் கொண்டு வந்துச்சு. அந்த பேட்டரிக்குள்ள இருந்த லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடை 1980-ல கண்டுபிடிச்சது யாரு? ஜான் குட்இனஃப் குழு. எங்கே? அதே ஆக்ஸ்ஃபோர்டுல! ஆனா கிளேர் கிரேக்கு அப்ப பேட்டரியோட எந்த சம்பந்தமும் கிடையாது. வெள்ளீயப் பவுடரோட சுத்திக்கிட்டிருந்தாங்க.

டாக்டரேட் முடிஞ்ச உடனே யாரும் நாற்காலி போட்டுக் கூப்பிடறதில்லைங்கிறது உலகம் முழுக்க ஒண்ணுதான். நெதர்லாந்துல நைமேகன் பல்கலைக்கழகத்துல போஸ்ட்டாக். அப்புறம் அமெரிக்காவுல டுபாண்ட் கம்பெனியோட ஆராய்ச்சிக்கூடத்துல கொஞ்ச காலம். ஊர் மாறி, நாடு மாறி, பெட்டியைக் கட்டிக்கிட்டே இருக்கிற வாழ்க்கை. அந்த நேரத்துல வீமன், வேகான்னு ரெண்டு பேரோட சேர்ந்து 1993-ல ஒரு புது என்.எம்.ஆர். சோதனை முறையைக் கொண்டு வந்தாங்க. ரெண்டு வேறு வேறு அணுக்கள் பக்கத்துல பக்கத்துல இருக்கான்னு பார்க்கிற முறை. அதுக்கு வெச்ச பேரு 'ட்ராப்டார்'. நீளமான டெக்னிகல் பேரைச் சுருக்கி, ரகசியக் கதவுங்கிற வார்த்தை மாதிரி காதுல விழற மாதிரி கொண்டு வந்துட்டாங்க. என்.எம்.ஆர். ஆளுங்களுக்கு இந்தப் பேர் வெக்கிற வியாதி ரொம்ப ஜாஸ்தி!

1994-ல அமெரிக்காவுல ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துல அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் வேலை கிடைச்சுது. நியூயார்க் மாநிலம், லாங் ஐலண்ட்.

ஸ்டோனி புரூக்னு சொன்னதும் ஒரு கிளைக் கதை சொல்லியே ஆகணும். இதே கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்லதான் பால் லாட்டர்பர்னு ஒருத்தர் முன்னாடி இருந்தார். 1971-ல ஒரு நாள் ஹோட்டல்ல பர்கர் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது அவருக்குப் பொறி தட்டுச்சு. காந்தப் புலத்தை எல்லா இடத்துலயும் சமமா வெக்காம, ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைச்சுன்னு வெச்சா, சிக்னலோட அலைவரிசையை வெச்சே அது எந்த இடத்துலேருந்து வருதுன்னு சொல்லிடலாமே! அப்புறம் ரெண்டு சின்னக் குழாய்ல தண்ணியை ஊத்தி, அதைப் படமா எடுத்தார். 'நேச்சர்' பத்திரிகை முதல்ல அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிடுச்சு. மனுஷன் விடலை, மறுபடி எழுதிப் போட்டு 1973-ல வெளிவந்துச்சு. அதுதான் இன்னிக்கு ஸ்கேன் சென்டர்ல டம் டம்னு சத்தம் போடுற எம்.ஆர்.ஐ.க்கு ஆரம்பம். 2003-ல பீட்டர் மேன்ஸ்ஃபீல்டோட சேர்த்து நோபல் கொடுத்தாங்க. என்.எம்.ஆர்.ல இருக்கிற 'நியூக்ளியர்'ங்கிற வார்த்தையைக் கேட்டா பேஷன்ட் பயந்துடுவாங்கன்னு ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப அந்த எழுத்தைக் கழட்டி விட்டுட்டாங்க. இந்த லாட்டர்பர் கதையை மனசுல வெச்சுக்கங்க. கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

கிளேர் கிரே ஸ்டோனி புரூக் போன சமயம், பேட்டரி உலகத்துல ஒரு தவிப்பு. கோபால்ட் விலை ஜாஸ்தி. மாங்கனீஸ் மலிவு. லித்தியம் மாங்கனீஸ் ஆக்ஸைடை வெச்சுப் பேட்டரி செஞ்சா என்னன்னு எல்லாரும் முட்டி மோதிக்கிட்டிருந்தாங்க. செஞ்சா வேலை செய்யுது. ஆனா சார்ஜ் போட்டு இறக்கி, சார்ஜ் போட்டு இறக்கி, கொஞ்ச நாள்ல கொள்ளளவு குறைஞ்சுக்கிட்டே போகுது. ஏன்? உள்ளே லித்தியம் எங்கே உட்காருது, எங்கே மாட்டிக்குது?

எக்ஸ்ரேயைக் கேட்டா பாவம், லித்தியம் கண்ணுக்கே தெரியாது. மூணே எலெக்ட்ரான்தான் அதுகிட்ட. பக்கத்துல தடிமாடு மாதிரி மாங்கனீஸ் நிக்கும்போது அது எப்படித் தெரியும்? என்.எம்.ஆர்.ல லித்தியத்துக்குத் தனி ஸ்டேஷன் இருக்கு. ஆனா மாங்கனீஸ்ல ஜோடி சேராத எலெக்ட்ரான்கள்... குழாய் ஸ்பீக்கர்!

இப்ப புரியுதா? ஊர்ல எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டு ஓடுற சத்தத்துக்குள்ள கணக்குப் போடக் கத்துக்கிட்டு ஒருத்தங்க ஏற்கெனவே தயாரா நின்னுக்கிட்டிருந்தாங்க. வெள்ளீயத்துக்குப் பதில் லித்தியம். அரிய மண் உலோகத்துக்குப் பதில் மாங்கனீஸ். தந்திரம் அதேதான்.

சாதாரணமா லித்தியத்தோட சிக்னல் சில புள்ளிகளுக்குள்ளேயே அடங்கிடும். இந்த மாங்கனீஸ் ஆக்ஸைடுல அது சுமார் 500 புள்ளி தள்ளிப் போய் நிக்கும் (புள்ளின்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு). மாங்கனீஸோட மின்சுமை மாறினா சிக்னல் மறுபடி நகரும். 1998-ல அவங்க குழு இதைப் பத்தி விலாவாரியா எழுதினாங்க. லித்தியம் எந்த வீட்டுல குடியிருக்கு, பக்கத்து வீட்டு மாங்கனீஸ் எந்த நிலையில இருக்குன்னு ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்துச் சொல்ற அளவுக்கு வந்துடுச்சு. 2001-ல முழு ப்ரொஃபசர்.

அதோட நின்னிருந்தாலே பெரிய விஷயம். ஆனா ஒரு உறுத்தல் பாக்கி இருந்துச்சு. பேட்டரிக்குள்ள இருக்கிற பவுடரை ஆராயணும்னா பேட்டரியை உடைக்கணும். அதாவது போஸ்ட்மார்ட்டம். செத்தவர் எப்படி இருக்கார்னு தெரியும். எப்படி வாழ்ந்தார்னு எப்படித் தெரியும்? சார்ஜ் ஏறும்போது நடக்கிற சில விஷயங்கள் கரன்ட்டை நிறுத்தின உடனே மாறிப் போயிடும். உடைச்சுப் பார்க்கிறதுக்குள்ள ஆதாரமே காலி!

அதனால பேட்டரியை அப்படியே முழுசா, வேலை செஞ்சுக்கிட்டிருக்கும்போதே, காந்தத்துக்குள்ள வெச்சுப் பார்க்கணும். உலோகக் கூட்டுக்குள்ள ரேடியோ அலை போகாது. அதனால பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிசான பேட்டரியைச் செஞ்சு, சார்ஜர் ஒயரோட சேர்த்து உள்ளே வெச்சு, சார்ஜ் ஏத்திக்கிட்டே சிக்னல் வாங்குறது. (லேப் பக்கம் போறவங்களுக்கு ஒரு குறிப்பு: அந்தக் காந்தத்துக்குப் பக்கத்துல ஏ.டி.எம். கார்டு, சாவிக்கொத்து, வாட்ச் எதையும் கொண்டு போகாதீங்க. கார்டு செத்துடும். சாவி பறந்துடும்.)

2009-ல சிலிக்கானை வெச்சு இதைச் செஞ்சப்ப ஒரு திருட்டு மாட்டிச்சு. சிலிக்கானுக்குள்ள லித்தியம் ஏறும்போது ஒரு பொருள் உருவாகுது. கரன்ட்டை நிறுத்தினா, அது சும்மா இருக்காம சுத்தியிருக்கிற திரவத்தோட வினைபுரிஞ்சு, தானே சார்ஜை இழக்குது. உடைச்சுப் பார்த்தவங்க கண்ணுல படாம போனதுல ஆச்சரியமே இல்லை.

அடுத்தது 2010. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை. கொஞ்சம் நிதானமா படிங்க.

லித்தியம் உலோகத்தையே மின்முனையா வெச்சா பேட்டரி ரொம்ப சக்தியா இருக்கும். ஆனா சார்ஜ் ஏத்த ஏத்த அது மேல பாசி மாதிரி, முள்ளு மாதிரி லித்தியம் முளைக்கும். 'டெண்ட்ரைட்'னு பேரு. அந்த முள்ளு வளர்ந்து நடுவுல இருக்கிற தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்கத்தைத் தொட்டா ஷார்ட் சர்க்யூட். பேட்டரி தீப்பிடிக்க அதுவும் ஒரு முக்கியக் காரணம். முள்ளு எப்ப முளைக்குது, எவ்வளவு முளைச்சிருக்குன்னு பேட்டரியை உடைக்காம எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உலோகத்துக்குள்ள ரேடியோ அலை போகாதுன்னு சொன்னேன் இல்லையா? சுத்தமா போகாதுன்னு இல்லை. மேல் தோல்ல மட்டும் கொஞ்சூண்டு போகும். லித்தியத்துல சுமார் 10 முதல் 20 மைக்ரான் வரைக்கும். நம்ம தலைமுடியோட கனத்துல ஒரு பங்குதான். அதனால தட்டையான லித்தியத் தகட்டுல மேல் தோல் மட்டும்தான் சிக்னல் கொடுக்கும், உள்ளே இருக்கிறதெல்லாம் ஊமை. ஆனா முள்ளு? அது அதைவிடச் சன்னம்! முழு முள்ளுமே சிக்னல் கொடுக்கும். அதனால எடை மாறாம, தட்டையா இருந்த லித்தியம் முள்ளா மாறினாலே சிக்னல் ஏறிடும். எவ்வளவு ஏறுதோ அவ்வளவு முள்ளு! எல்லாரும் 'ச்சே, உலோகம் ரேடியோ அலையை மறைக்குதே'ன்னு அலுத்துக்கிற சமாசாரத்தையே தராசா மாத்திட்டாங்க. 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' பத்திரிகையில வந்த அந்தக் கட்டுரையோட முதல் பெயர் ரங்கீத் பட்டாச்சார்யா. நம்ம நாட்டுக்காரர்.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2012-ல, நியூயார்க் பல்கலைக்கழகத்து அலெக்ஸெய் யெர்ஷோவ் குழுவோட சேர்ந்து இன்னொரு படி மேல போனாங்க. முள்ளு எவ்வளவுன்னு தெரியும், எங்கேன்னு தெரிய வேண்டாமா? லாட்டர்பர் ஞாபகம் இருக்காரா? அவரோட அதே வித்தை. பேட்டரிக்கே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துட்டாங்க!

இதுக்கு நடுவுல 2009-ல கேம்பிரிட்ஜுக்கு ப்ரொஃபசரா வந்துட்டாங்க. அதே வருஷம் அமெரிக்க எரிசக்தித் துறை பணம் போட்டு ஆரம்பிச்ச ஒரு பேட்டரி ஆராய்ச்சி மையத்துக்கு இவங்கதான் முதல் இயக்குநர். அவங்களுக்கு அப்புறம் அந்த நாற்காலிக்கு வந்தவர் ஸ்டான்லி விட்டிங்ஹாம், 2019-ல குட்இனஃப், யோஷினோவோட சேர்ந்து பேட்டரிக்காக நோபல் வாங்கினவர்.

எல்லாம் ஏறுமுகமாவே போச்சுன்னு நினைச்சுடாதீங்க. 2015-ல 'சயின்ஸ்' பத்திரிகையில அவங்க குழு ஒரு கட்டுரை போட்டாங்க. லித்தியம்-ஏர் பேட்டரி. காத்துல இருக்கிற ஆக்ஸிஜனையே எடுத்துக்கிட்டு ஓடுற பேட்டரி. எடை கம்மி, சக்தி எக்கச்சக்கம், ஆனா செஞ்சா நாலு நாள் கூடத் தாங்காதுன்னு பேரெடுத்த சமாசாரம். இவங்க வழியில 2,000 தடவைக்கு மேல சார்ஜ் போட்டு இறக்கலாம், 93 சதவீதத் திறன்னு சொன்னாங்க. உலகம் முழுக்கப் பத்திரிகைகள்ல செய்தி. பெட்ரோல் காருக்கு மூடுவிழான்னெல்லாம் எழுதித் தள்ளிட்டாங்க, நம்ம பத்திரிகை ஜாதி சும்மா இருக்குமா?

அடுத்த வருஷம், 2016 மே மாசம், அதே 'சயின்ஸ்'ல ரெண்டு குழு எதிர்க் கேள்வி எழுப்பினாங்க. 'நீங்க சொல்ற வினை அந்த வோல்டேஜ்ல நடக்கவே வாய்ப்பில்லை. நீங்க கலந்த அயோடின்தான் சார்ஜை வாங்கிக் கொடுத்துக்கிட்டிருக்கு. உங்க லித்தியம் ஹைட்ராக்ஸைடு கரையறதா சொல்றது வெப்ப இயக்கவியலுக்கு ஒத்து வரலை'ன்னு சாராம்சம். அதுல ஒரு கட்டுரையோட முதல் பெயர் வெங்கட் விஸ்வநாதன். யாருன்னு பார்த்தா நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல பி.டெக். படிச்சவர்! அப்ப அமெரிக்காவுல கார்னகி மெல்லன்ல இருந்தார். அவர் டாக்டரேட் முடிச்சு மூணு வருஷம் ஆகுது. எதிர்ல இருக்கிறது ராயல் சொசைட்டி ஃபெல்லோ. பேர், வயசு, பதவி எதையும் பார்க்காம 'கணக்கு இடிக்குதே மேடம்'னு கேட்டுட்டார். அவங்களும் 'நீ யாருப்பா'ன்னு கேட்கலை. அதே இதழ்ல பதில் எழுதினாங்க. கேள்வியும் பதிலும் பக்கத்துல பக்கத்துல அச்சாகி இருக்கு, யார் வேணும்னாலும் எடுத்துப் படிக்கலாம்.

லித்தியம்-ஏர் பேட்டரி இன்னும் கடைக்கு வரலை. அந்த 2,000 தடவை கதையை நம்பி யாரும் கார் விடலை. இதை நான் மறைச்சுட்டு அவார்டு லிஸ்ட்டை மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனா எனக்கு அந்த ரெண்டு பக்கக் கட்டுரைச் சண்டைதான் அவார்டைவிட ஒரு படி மேல.

அவார்டும் கொஞ்சநஞ்சமில்லை. 2014-ல டேவி மெடல், 2020-ல ஹியூஸ் மெடல், 2021-ல பத்து லட்சம் யூரோ பரிசுத் தொகையோட ஜெர்மனியின் கோர்பர் பரிசு, 2022-ல பிரிட்டிஷ் அரசோட 'டேம்' பட்டம். சரி, அடுத்ததுக்குப் போவோம்.

உங்க எல்லாருக்கும் வேண்டிய விஷயம் இனிமேல்தான். போன் ஏன் சீக்கிரம் சார்ஜ் ஆக மாட்டேங்குது? சாதாரண பேட்டரியில ஒரு பக்கம் கிராஃபைட் இருக்கும். அவசரமா சார்ஜைத் தள்ளினா, லித்தியம் கிராஃபைட்டுக்குள்ள போக நேரமில்லாம வாசல்லயே குவிஞ்சுடும். டவுன் பஸ்ல படிக்கட்டுக் கூட்டம் மாதிரி! குவிஞ்ச லித்தியம்தான் முள்ளாகும். அதுக்கு வழக்கமான வைத்தியம், பவுடரை நானோ அளவுக்கு நுணுக்கி அரைக்கிறது. செலவு ஜாஸ்தி.

2018-ல அவங்க குழு 'நேச்சர்'ல வேற ஒரு ஆளைக் கொண்டு வந்து நிறுத்தினாங்க. நயோபியம் டங்ஸ்டன் ஆக்ஸைடு. இந்தப் பொருள் புதுசே இல்லை, 1960-கள்லயே இதோட அமைப்பைப் பத்தி எழுதி வெச்சிருக்காங்க. உள்ளே சுரங்கப் பாதை மாதிரி வழிகள் திறந்தே இருக்கும். நானோ எல்லாம் வேண்டாம், பெரிய பெரிய துணுக்காவே இருக்கலாம், லித்தியம் பறந்து போகும். பறக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுது? அதுவும் என்.எம்.ஆர்.தான். காந்தப் புலத்தைத் துடிப்பு துடிப்பா மாத்தி, ஒரு லித்தியம் குறிப்பிட்ட நேரத்துல எவ்வளவு தூரம் நகர்ந்திருக்குன்னு நேரடியா அளந்தாங்க. குறை இல்லாம இல்லை. கிராஃபைட்டோட ஒப்பிட்டா பேட்டரியோட வோல்டேஜ் குறையும், அதே எடைக்குக் கம்மியான சக்திதான் கிடைக்கும். ஆனா முள்ளு முளைக்கிற பயம் இல்லை.

2019-ல சாய் சிவாரெட்டியோட சேர்ந்து 'நயோபோல்ட்'னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. 2024 ஜூன்ல அந்தக் கம்பெனி ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குள்ள பேட்டரியை வெச்சுச் சோதிச்சுக் காட்டினாங்க. 10 சதவீதத்துலேருந்து 80 சதவீதம் வரைக்கும் ஏற எவ்வளவு நேரம் தெரியுமா? 4 நிமிஷம் 37 நொடி! டீக்கடையில மாஸ்டர் டீ ஆத்திக் கொடுத்து நீங்க குடிச்சு முடிக்கிறதுக்குள்ள. பேட்டரி சின்னதுதான், 35 யூனிட். இருந்தாலும்...

இதெல்லாத்தையும் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போனுக்கு சார்ஜ் போட்டு (ஒன்றரை மணி நேரம்!) அந்தத் தம்பிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒரு வார்த்தை குறுக்கே பேசாம கேட்டான். கடைசியில, 'அப்ப சார், என் ஆக்ஸைடு பவுடரும் ஒரு நாள் இந்த மாதிரி...'ன்னு இழுத்தான்.

'தெரியாது தம்பி'ன்னேன். நிஜமாவே தெரியாது. ஃபர்னஸ்ல போட்ட பவுடர்ல முக்கால்வாசி பவுடராவேதான் இருக்கும். அந்த வெள்ளீயப் பவுடர் கூட இன்னிக்கு எந்த பேட்டரியிலயும் இல்லை.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் கேட்டான்: 'சார், எங்க சாம்பிளுக்கு என்.எம்.ஆர். எடுக்கணும்னா எங்க அனுப்பணும்? எங்க கைடு அது வேண்டாம், சிக்னல் அகலமா வரும், வேஸ்ட்டுன்னு சொல்லிட்டாரு.'

'உன் பவுடர்ல என்னென்ன இருக்கு?'

'நிக்கல் சார். கொஞ்சம் மாங்கனீஸ்.'

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்கே அனுப்பணும்னு விசாரிச்சுக்கிட்டிருக்கேன். தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா எழுதிப் போடுங்க, அவன்கிட்ட சேர்த்துடறேன்.